ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார்: முன்பக்கம் புது ஸ்பிரிங் போட்ட அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது பேசுபவரின் புனைபெயர்)

திருச்சி மார்க் 2

ஹெரால்டுக்கு முன் ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கட்டிய வண்டி, 1959ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டின் வழிவந்தது. ஒரே மாதிரியான முன்பக்க அமைப்புதான் அங்கே ஸ்பிட்ஃபயர், விடெஸ், ஜிடி6 எல்லாவற்றிலும். அதனால் வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஸ்பிரிங் உட்காருவது உட்காரும். ஆனால் விடெஸ், ஜிடி6 இரண்டும் ஆறு சிலிண்டர் வண்டிகள். அந்த எடைக்குச் செய்த ஸ்பிரிங்கை 948 சிசி இன்ஜினுக்குக் கீழே போட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சின்னக் குழியில்கூட உதறும். "டிரையம்புக்குப் பொருந்தும்" என்ற வரியை நம்பி ஆர்டர் போடாதீர்கள். எந்த மாடல், எத்தனை பவுண்டு ரேட் (ஒரு அங்குலம் அமுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பது), அமுக்காத நீளம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கழற்றுவது எளிது. பானெட் முழுசாக முன்னால் சாய்வதால் கண்ணெதிரே எல்லாம் தெரியும். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டை சேஸிஸுக்கு அடியில் வையுங்கள், லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க்கை) அடியில் அல்ல. சக்கரத்தை எடுத்ததும், ஆன்டி ரோல் பார் இருந்தால் அதன் லிங்க்கைக் கழற்றுங்கள். மேலே டரட்டில் (ஸ்பிரிங்கின் மேல்முனையைத் தாங்கும் சேஸிஸ் கூடு) தெரியும் மூன்று நட்டு, கீழே ஷாக் அப்சார்பரின் கண்ணுக்குள் போகும் ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே யூனிட்டாகக் கையோடு வந்துவிடும். இதற்கு கம்ப்ரசர் தேவையே இல்லை.

மூன்று நட்டுக்கும் நடுவில் தெரிகிற ஷாக் தண்டின் நட்டை மட்டும் வண்டியில் இருக்கும்போது தொடவே கூடாது. அமுக்கி வைத்த ஸ்பிரிங்கை அடைத்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான்.

பட்டறை, மதுரை

சார் சொன்ன கீழ்ப் போல்ட்டுதான் பாதி நாளைத் தின்னும். ஷாக்கின் ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு இரும்புக் குழல் இருக்கிறது. போல்ட்டு அதோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் போல்ட்டின் முனை விரிந்து பூப்போல ஆகிவிடும், அப்புறம் எந்தப் பக்கமும் போகாது. முந்தைய நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். நட்டை முனை மட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, ஸ்பேனரால் போல்ட்டுத் தலையைச் சுழற்றப் பாருங்கள். போல்ட்டோடு ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு திரும்பினால் முயற்சியை விட்டுவிட்டு ஆர்முக்கும் கண்ணுக்கும் இடையே ரம்பம் வைத்து அறுத்துவிடுங்கள். புதுப் போல்ட்டு போடும்போது குழலுக்குள் காப்பர் கிரீஸ் தடவுங்கள்.

மரை எல்லாம் யூஎன்எஃப் (அங்குலக் கணக்கு நுண்மரை). மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து ஒப்பேற்றினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். நைலான் வளையம் வைத்த நட்டை மறுபடி போடாதீர்கள்.

யூனிட்டை எடுத்ததும் லோயர் ஆர்ம் தொங்கும். பிரேக் ஹோஸ் அதை இழுத்துப் பிடிக்கும்படி விடாமல் ஹப்பைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள்.

கம்ப்ரசர் பற்றி: இன்றைய கார்களுக்கு விற்கும் கொக்கி வகை இந்த ஸ்பிரிங்குக்குப் பெரியது. சுருளின் விட்டம் குறைவு, சுற்றுக்கு இடையே இடமும் குறைவு, கொக்கி வழுக்கும். லேத்தில் இரண்டு தடித்த தகடு வெட்டி, நீள மரைத்தண்டு வைத்து அமுக்குவது நல்லது. தண்டுகளை மாறி மாறி அரை அரைச் சுற்றாக இறுக்குங்கள். முகம் அந்தத் தண்டின் நேரே இருக்கவே கூடாது.

பிரிப்பதற்கு முன்பு மேல் தட்டிலும் ஷாக் உடலிலும் ஒரே நேரில் பெயின்டால் கோடு போடுங்கள். மேலே மூன்று ஸ்டட்டும் கீழே கண்ணும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இருந்தால்தான் கீழ்ப் போல்ட்டு நுழையும். ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கும்போது அதைத் திருப்ப முடியாது. பலர் இதற்காகவே இரண்டாம் தடவை பிரிக்கிறார்கள்.

சேலம் 948

உள்ளூரில் சுற்றிக்கொடுக்கும் ஸ்பிரிங் எப்படி? இறக்குமதி விலைக்கு நாலு ஜோடி கிடைக்கும் என்கிறார்கள்.

கோவை கெஸல்

நல்லாவே வரும், சொல்லத் தெரிந்தால். "பழையது மாதிரியே செய்து கொடுங்க" என்று தொய்ந்துபோன ஸ்பிரிங்கைக் கொடுத்தால் தொய்ந்த நீளத்துக்கே செய்து கொடுப்பார்கள். கொடுக்க வேண்டிய அளவு ஐந்து: கம்பியின் தடிமன், சுருளின் நடு விட்டம், வேலை செய்யும் சுற்று எண்ணிக்கை, அமுக்காத நீளம், முனை எப்படி முடிகிறது என்பது. கம்பியை வெர்னியரால் அளக்கும்போது பெயின்டைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். ஏனென்றால் ரேட் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது.

கணக்கு இது: எஃகின் முறுக்கு மாடுலஸ் 79,000 (சதுர மி.மீ.க்கு நியூட்டன்) என்று வைத்துக்கொண்டு, அதைக் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கால் பெருக்கி, சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்று எண்ணிக்கை, எட்டு இம்மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு 11 மி.மீ. கம்பி, 90 மி.மீ. நடு விட்டம், 7 சுற்று என்றால் மி.மீ.க்கு ஏறக்குறைய 28 நியூட்டன், அதாவது அங்குலத்துக்கு 160 பவுண்டு சுமார். கம்பியை மட்டும் 12 ஆக்கினால் 40 நியூட்டன், கிட்டத்தட்ட 230 பவுண்டு. கையில் ஸ்டாக் இல்லை என்று ஒரு மில்லி கூட்டிப் போட்டுவிட்டால் நாற்பது சதவீதம் கெட்டியாகிவிடும். இது உதாரண அளவு, உங்கள் ஸ்பிரிங்கை அளந்துதான் போட வேண்டும்.

இதே கணக்குதான் ஸ்பிரிங்கை வெட்டுவதற்கும். 7 சுற்றில் ஒன்றை வெட்டினால் உயரம் குறைவதோடு ரேட்டும் ஆறில் ஒரு பங்கு ஏறும். தட்டையான முனையும் போய்விடும், வெட்டிய நுனி தட்டில் ஓரிடத்தில் மட்டும் குத்தி நிற்கும். கேஸ் வைத்து வெட்டினால் அந்த இடத்தின் பதமும் போச்சு. அப்படி வெட்டிய ஸ்பிரிங் நுனிச் சுற்றில் உடைந்து பார்த்திருக்கிறேன்.

சுற்றி, பதம் போட்டபிறகு ஸ்பிரிங்கை இரண்டு மூன்று முறை சுற்றோடு சுற்று முட்டும்வரை அமுக்கி எடுத்து, அதற்குப் பிறகே நீளம் அளக்கச் சொல்லுங்கள். இது செய்யாத ஸ்பிரிங் வண்டியில் போட்ட முதல் மாதத்திலேயே தாழும். பளபளப்புக்காக குரோம் முலாம் வேண்டவே வேண்டாம். அமிலத்தில் முக்கும்போது ஹைட்ரஜன் ஏறி எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பெயின்ட் போதும்.

சுற்றுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது பிடிக்கிற சுற்று வேலை செய்யாது, மற்றச் சுற்றுகள் அந்தப் பாரத்தையும் வாங்கும். வண்டியை விற்கப்போகிறவர்தான் அதைப் போடுவார்.

பட்டறை, மதுரை

இப்போது முக்கியமான இடம். "புது ஸ்பிரிங் போட்டேன், வண்டி ஒரு அங்குலம் உயரமாக நிற்கிறது" என்று வருகிற வண்டிகளில் பாதியில் குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை, ஆர்ம் புஷ்ஷில் இருக்கிறது.

இந்த ரப்பர் புஷ்கள் சுழலும் பேரிங் அல்ல. உள்குழலும் வெளிக்குழலும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு கவ்விக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அதுவே இயல்பு நிலை. ஜாக்கியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளும், எப்போதுமே முறுக்கிய நிலையில் ஓடும், சில மாதத்தில் கிழியும். கிழிந்ததும் வண்டி தாழும். உடனே ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது என்று ஸ்பிரிங் விற்றவரோடு சண்டை.

சரியான முறை: ஆர்ம் போல்ட்டுகளையும் ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் கையிறுக்கமாக விடுங்கள். சக்கரம் மாட்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் பலகை கொடுத்து வண்டியை இறக்குங்கள். முன் சீட்டில் ஆளுக்கு எழுபது கிலோ கணக்கில் இரண்டு பேரையோ மணல் மூட்டையையோ வையுங்கள். முன்னும் பின்னும் ஒரு சக்கரச் சுற்று உருட்டி, பானெட்டைப் பிடித்து இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் அடியில் படுத்து இறுக்குங்கள். புஷ் பழசாக இருந்தால் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள்.

திருச்சி மார்க் 2

உயரம் மாறினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாயும் கோணம்) மாறும். அப்பர் ஆர்ம் குட்டை, லோயர் ஆர்ம் நீளம் என்பதால் முன்பக்கம் தாழும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். சரிசெய்ய, லோயர் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் ஷிம் தகடுகள் இருக்கின்றன. இரண்டு பிராக்கெட்டிலும் சமமாகக் கூட்டினால் சக்கரத்தின் அடி வெளியே போய் நெகட்டிவ் (மேல்பக்கம் உள்ளே சாய்வது) ஏறும், எடுத்தால் குறையும். ஒரு பிராக்கெட்டில் மட்டும் மாற்றினால் காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கெடும். கழற்றும்போது எந்த இடத்தில் எத்தனை ஷிம் இருந்தது என்று எழுதி வையுங்கள். கலந்துவிட்டால் அலைன்மென்ட் கடைக்காரர் டை ராடை மட்டும் திருகிவிட்டு அனுப்புவார், வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். டோ-இன் (இரு முன் சக்கரமும் முன்னால் சற்று உள்நோக்கி இருப்பது) கடைசியாகத்தான் வைக்க வேண்டும், 1/16 அங்குலத்துக்குள். புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி பாருங்கள்.

சேலம் 948

மரை வைத்த அட்ஜஸ்டபிள் யூனிட் விற்கிறார்களே, அதில் ஸ்பிரிங் உட்காரும் காலரை ஏற்றினால் கெட்டியாகுமா?

கோவை கெஸல்

ஆகாது. உயரம்தான் ஏறும். ரேட் என்பது கம்பியிலும் சுற்றிலும் இருக்கிறது, காலரில் இல்லை. ஷாக் உடலில் இருக்கும் குமிழைத் திருப்பினால் மாறுவது ஷாக்கின் இறுக்கம் மட்டும். தொய்ந்த ஸ்பிரிங்கை குமிழால் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. ரோடே உடம்பில் ஏறும்.

காலரில் ஒரு மில்லி, சக்கரத்தில் ஒரு மில்லி அல்ல. லோயர் ஆர்மின் உள்முனையிலிருந்து ஷாக் போல்ட்டு வரையும், உள்முனையிலிருந்து ட்ரனியன் (ஹப்பைத் தாங்கும் தண்டின் அடியில் இருக்கும் பித்தளை மூட்டு) வரையும் அளந்து பாருங்கள். பேச்சுக்கு அந்த விகிதம் 0.6 என்றால் காலரை 10 மி.மீ. ஏற்ற, வண்டி 16, 17 மி.மீ. ஏறும். சக்கரத்தில் உணரும் கெட்டித்தனம் விகிதத்தின் இருமடிப்படி, ஸ்பிரிங் ரேட்டில் 36 சதவீதம்தான்.

மாட்டிய உடனே சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். குட்டை ஸ்பிரிங்கோடு பழைய நீள ஷாக் இருந்தால் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும், குழியில் விழுந்து எழும்போது டங்கென்று கேட்கும். குட்டை ஸ்பிரிங்குக்கு அதற்கேற்ற ஷாக் வாங்க வேண்டும். ஸ்பீட் பிரேக்கர்களை நினைத்தால் நம் ஊரில் தாழ்த்துவதே வீண் என்பது என் கட்சி.

திருச்சி மார்க் 2

தாழ்த்துபவர்கள் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஹெரால்டின் பின்பக்கம் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் ஸ்விங் ஆக்சிலும் (உள்முனையில் மட்டும் மூட்டுள்ள, சக்கரத்தோடு சேர்ந்தே சாயும் அரை ஆக்சில்). பின்பக்கம் உயர்ந்து நின்றால் திருப்பத்தில் பிரேக் போடும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ வெளிச் சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். முன்பக்கம் கெட்டியாக்குவதால் இந்த ஆபத்து அதிகமாகாது. பின்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினால்தான் ஆபத்து. 1972ல் ஸ்டாண்டர்ட் கம்பெனியே கொண்டுவந்த கெஸல் காரில் ஸ்விங் ஆக்சில் கிடையாது, அதனால் கோவை சாருக்கு இந்தக் கவலை இல்லை.

பட்டறை, மதுரை

யூனிட் வெளியே இருக்கும்போதே ட்ரனியனையும் பார்த்துவிடுங்கள். ஹப்பைத் தாங்கும் இரும்புத் தண்டு பித்தளை ட்ரனியனில் மரையோடு திரும்புகிறது. அதற்கு ஈபி 90 கியர் ஆயில்தான், கிரீஸ் அல்ல. கிரீஸ் அடித்தால் உள்ளே காய்ந்து கட்டியாகும், தண்ணீர் தங்கும், தண்டின் மரை அரித்து ஒருநாள் ஒடியும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் அந்தத் தண்டுக்கு அடியும் கூடும். இடது வலது மரை எதிரெதிர், மாற்றிப் போட முடியாது. ட்ரனியனை முழுக்கத் திருகிவிட்டு, ஸ்டீயரிங் இரு பக்கமும் முட்டும்வரை திரும்பும் அளவுக்குப் பின்னால் எடுங்கள்.

சேலம் 948

எல்லாம் முடித்தபிறகு ஒரு பக்கம் மட்டும் டொக் டொக் என்று சத்தம் வந்தால்?

பட்டறை, மதுரை

முதலில் ஷாக் தண்டின் மேல் நட்டு. ரப்பர், தட்டு, ரப்பர், வாஷர், நட்டு, லாக் நட்டு என்ற வரிசையில் ஒரு ரப்பர் விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் அது உட்கார்ந்து நட்டு தளர்ந்திருக்கும். அடுத்து ஸ்பிரிங் நுனி தட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரி என்றால் டரட்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் அங்கே விரிசல் இருக்கும், பெயின்டின் மேல் துருக்கோடாகத் தெரியும். அதன்மேலேயே வெல்டிங் இழுக்காமல், யூனிட்டை மறுபடி இறக்கி, சுத்தமாகத் தேய்த்து, விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டபிறகு வெல்ட் செய்யச் சொல்லுங்கள்.