தோட்டத்து வீடு குழு: லோடர் தானா எறங்குது

சின்ன மாமா, காலை 7:10
ஏப்பா வினோத்து முழிச்சிருக்கியா, நம்ம மினி டிராக்டர்ல முன்னால லோடர் இருக்குதல்ல, எரு அள்ளி தூக்கி நிறுத்துனா நிக்க மாட்டேங்குது, வண்டிய ஆஃப் பண்ணிட்டு காபி குடிச்சுட்டு வரங்காட்டியும் ஒரு மொழம் எறங்கிப்போச்சு. மெக்கானிக் பாத்துட்டு நாலு சிலிண்டருக்கும் சீல் மாத்தோணும்கறான்

அத்தை, 7:12
காபிக்கு அரைமணி நேரம் ஆச்சுன்னும் சொல்லுங்க

வினோத் கத்தார், 7:31
மாமா அவசரப்பட்டு கழட்ட விட்டுறாதீங்க. ராடு மேல ஆயில் கசியுதுங்ளா?

சின்ன மாமா, 7:34
ராடு காஞ்சு கெடக்குது. ஹோஸும் நல்லாருக்குது. ஆயில் கொறையல

வினோத் கத்தார், 7:35
அப்ப உள்ளுக்குள்ளதான் லீக்கு. லோடர் கை எறங்குதா, பக்கெட்டு மூக்கு கவுறுதா?

சின்ன மாமா, 7:36
ரெண்டுந்தான். கை வேகமா எறங்குது, மூக்கு மெதுவா

வினோத் கத்தார், 7:44
கைய தூக்குற சிலிண்டர்ல வெயிட்டு ராடை உள்ள அமுக்குது. பிஸ்டனச் சுத்தியிருக்கற சீல் போனா கீழருக்கற ஆயில் பிஸ்டனத் தாண்டி மேல்பக்கம் வரும், ஆனா அங்க ராடு கொஞ்சம் எடத்த அடைச்சுட்டு நிக்குதுங்ளே, வர்ற ஆயில் முழுக்க உக்கார எடமில்ல. லீவருக்கு அடில இருக்கற வால்வு வழியா டேங்குக்குப் போனாத்தான் கை எறங்கும். அதனால கைக்கு மொதல்ல வால்வத்தான் பாக்கோணும். மூக்கு கவுறும்போது ராடு வெளிய வருது, அதுக்கு சீல் ஒண்ணு போனாலே போதும்

அத்தை, 7:46
எனக்கு ஒண்ணும் புரியல ஆனா மெக்கானிக்கு ஃபோன் பண்ணாதீங்க

வினோத் கத்தார், 7:48
கவின் இருக்கறானா? பக்கெட்ட காலியா தூக்கி, ராடுல மார்க்கர்ல ஒரு கோடு போடச்சொல்லுங்க. இன்ஜின் ஆஃப். 10 நிமிஷம். யாரும் கைக்கு அடில நிக்கக்கூடாது

கவின், 8:20
அண்ணா கை ஒரு சாண் எறங்கிருச்சு

வினோத் கத்தார், 8:21
மறுபடி தூக்கு. லீவர விட்டதும் அது நடுவுல நிக்கற மாதிரி தெரிஞ்சாலும் நீயே ஒரு நூல் தூக்குற பக்கமா நகத்தி வெச்சுப் பாரு

கவின், 8:36
அய்யோ நின்னுருச்சு 😳 அசையவே இல்ல

வினோத் கத்தார், 8:37
அப்ப ஸ்பூல், அதான் வால்வுக்குள்ள லீவரோட நகர்ற தண்டு, நடுவுக்கு வரல. பக்கெட்ட தரைல வெச்சுட்டு, இன்ஜின ஆஃப் பண்ணி, லீவர நாலு பக்கமும் ஆட்டி பிரஷர எறக்கிட்டு லீவருக்கு அடில இருக்கற ரப்பர தூக்கிப் பாரு

கவின், 9:02
[போட்டோ] தேங்கா நார்த்தூளும் சாணியும் சேந்து கல்லாட்டம் இறுகிக் கெடக்குது, ஸ்க்ரூடிரைவர்ல நெம்பி எடுத்தேன்

சின்ன மாமா, 9:04
போன மாசந்தான் மட்டைக்குவியல இதுலதான் தள்ளுனோம்

வினோத் கத்தார், 9:06
மண்ணெண்ணெய் தொட்டு தொடச்சு, ரெண்டு சொட்டு ஆயில் விட்டு ரப்பர மாட்டு. லீவர விட்டா டக்குனு நடுவுக்கு வரோணும்

கவின், 10:15
கை இப்ப அரை விரக்கடைதான் எறங்குச்சு. மூக்கு இன்னும் கவுறுது

வினோத் கத்தார், 10:17
கைக்கு அவ்ளோ இருக்கும், ஸ்பூலுக்கு சீல் கெடையாது, இரும்புக்கு இரும்பு, கொஞ்சம் கசியத்தான் செய்யும். இந்த மூக்குதான் சீல் கேசு. பக்கெட்ட முழுசா உள்ள மடக்கி தரைல வெச்சு, இன்ஜின ஆஃப் பண்ணி முந்தி மாதிரி பிரஷர எறக்கிட்டு, ஒரு பக்கெட்டு சிலிண்டருக்குப் பின்பக்கம் ஹோஸ கழட்டி ஹோஸுக்கு மூடி போட்டுறோணும். அப்பறம் ஸ்டார்ட் பண்ணி மடக்குற பக்கமா லீவர லேசா தள்ளுனா, தொறந்த வாய்ல ஆயில் வந்துட்டே இருந்தா அந்த சிலிண்டர்தான். அப்பறம் அடுத்தது. கவின், உன் கைய வெச்சு தடவிப் பாக்காத, பிரஷர் ஆயில் தோல ஓட்ட போட்டுட்டு உள்ள போயிரும். ஒரு அட்டைத்துண்ட புடிச்சுப் பாரு

சின்ன மாமா, மாலை 5:40
எடதுபக்கம் ஒண்ணுதான் மாப்ள. வலதுல ரெண்டு சொட்டு வந்து நின்னுருச்சு

அத்தை, 5:41
அப்ப நாலுக்கு காசு கேட்டவனுக்கு நான் ஃபோன் பண்றேன் 😏