எச்பிவி ஊசி: மகளுக்கு 15 முடியப் போகுது, ரெண்டு டோஸா மூணு டோஸா?

தாமரைக்குளம்:
மகளுக்கு வர்ற ஆகஸ்ட் 20-ல 15 முடியுது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குற எச்பிவி வைரஸைத் தடுக்குற ஊசி இன்னும் போடல. ஜூலையில முதல் ஊசி போட்டா அடுத்தது ஜனவரியிலதான் வரும். அதுக்குள்ள 15 தாண்டிடும். ரெண்டு போதுமா, மூணு வேணுமா? கேட்ட ரெண்டு இடத்திலயும் ரெண்டு விதமா சொல்றாங்க.

கூடவே இன்னும் சில கேள்வி. தங்கச்சிக்கு 24, கல்யாணமாகி ஒரு வருஷம். அவளுக்கு இனிமே போட்டுப் பிரயோஜனம் உண்டா? முதல்ல ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா? 11 வயசுப் பையனுக்கும் போடணுமா? விலை 2,000-லிருந்து 10,000-க்கு மேல வரைக்கும் போகுதே, எதனால?

நிழல்மரம்:
ரெண்டாவது ஊசி போடுற அன்னைக்கு 15 தாண்டியிருந்தா மூணு டோஸ் கணக்குதான்.

ஊசிமுனை:
இல்லைங்க நிழல்மரம், நிறைய பேர் தடுமாறுற இடம் இது. பார்க்க வேண்டியது முதல் ஊசி போட்ட அன்னைக்கு என்ன வயசு என்பதைத்தான். 9 முதல் 14 வயசுக்குள்ள, அதாவது 15-வது பிறந்தநாளுக்கு முதல் நாள் வரைக்கும், ஆரம்பிச்சிருந்தா ரெண்டு போதும். ரெண்டாவது 15 முடிஞ்சு விழுந்தாலும் பரவாயில்ல. 15 முடிஞ்சு ஆரம்பிச்சா மூணு: முதல் நாள், 2-வது மாசம், 6-வது மாசம். அதனால ஆகஸ்ட் 20-க்கு முன்னாடி முதல் ஊசியை முடிச்சிடுங்க. ஒரு டோஸ் காசு மிச்சம்.

இடைவெளி விஷயத்தில கவனம். ரெண்டு டோஸ் கணக்குன்னா நடுவில 6 மாசம். குறைஞ்சது 5 மாசமாவது இருக்கணும். லீவு நாளாச்சேன்னு மூணாவது மாசமே போட்டுட்டா அது பத்தாது, மூணாவது ஊசி ஒண்ணு சேர்த்துப் போட வேண்டி வரும். தள்ளிப் போனா கெடுதல் கிடையாது; 8 மாசம், 10 மாசம் ஆனாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கத் தேவையில்ல, விட்ட இடத்திலேருந்து தொடரலாம்.

சின்ன வயசுல ஏன் குறைவா போதும்? 9–14 வயசுல உடம்பு இந்த ஊசிக்கு ரொம்ப நல்லா வேலை செய்யுது. அந்த வயசுல ரெண்டு டோஸ்ல வர்ற எதிர்ப்புப் பொருளின் அளவு, 16–26 வயசுப் பெண்களுக்கு மூணு டோஸ்ல வர்றதுக்குக் கொஞ்சமும் குறையல. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பர்ல ஒரு படி மேல போய், 9 முதல் 20 வயசு வரை ஒரே டோஸ்கூடப் போதும், 21-க்கு மேல ரெண்டு டோஸ்னு சொல்லிடுச்சு. இங்க மருந்து அட்டையில அச்சிட்டிருக்கிறது பழைய 2/3 கணக்கு. தனியார் கிளினிக்ல ஆளாளுக்கு வேற சொல்றது அதனாலதான். எச்ஐவி இருக்கிறவங்க, எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மட்டும் எந்த வயசானாலும் மூணு போடுறதுதான் நல்லது.

வெண்பலகை:
தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். இந்த ஊசி என்ன பண்ணுதுன்னு புரிஞ்சா பதில் தானா வந்துடும்.

வைரஸோட மேலோட்டுல எல்1-ன்னு ஒரு புரதம். அதை ஈஸ்ட்லயோ பூச்சி செல்லிலயோ தனியா வளர்த்தா, தானே கூடி வைரஸ் மாதிரியே ஒரு உருண்டை ஆகுது. உள்ள மரபணு கிடையாது. தேங்காய் இல்லாத வெறும் மட்டை. அதனால தொற்ற முடியாது, நோய் தர முடியாது. உடம்பு அந்த மட்டையை அடையாளம் வெச்சுக்குது. நிஜ வைரஸ் வந்தா செல்லுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே பிடிச்சுடும்.

'நுழையுறதுக்கு முன்னாடி' என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே உள்ள போன வைரஸை இது வெளியேத்தாது, வந்த புண்ணையும் ஆத்தாது. இந்த வைரஸ் பரவுறது பெரும்பாலும் உடலுறவு வழியா. ஸ்வீடன்ல 2020-ல வந்த ஆய்வுல 17 வயசுக்கு முன்னாடி போட்டவங்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைஞ்சிருந்தது. 17-லேருந்து 30-க்குள்ள போட்டவங்களுக்கு 53 சதவீதம். மருந்து ஒண்ணேதான், வயசு மட்டும் வேற.

ஆனா 53-ம் சும்மா இல்லையே. ஊசியில இருக்கிற எல்லா வகை வைரஸும் ஒருத்தருக்கு ஏற்கெனவே தொத்தியிருக்கிறது அபூர்வம். 24-ல தாராளமா போடலாம். போடறதுக்கு முன்னாடி எச்பிவி டெஸ்ட், பாப் ஸ்மியர் (கருப்பைவாய் செல்லை எடுத்துப் பார்க்குற சோதனை) எதுவும் தேவையில்ல. கர்ப்பமா இருந்தா மட்டும் தள்ளிப் போடணும். ஒரு டோஸ் போட்ட பிறகு கர்ப்பம்னு தெரிஞ்சா பயப்பட வேண்டாம், கலைக்கணும்கிற பேச்சுக்கே இடமில்ல. மிச்ச டோஸைப் பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கலாம். பால் கொடுக்கும்போதும் போடலாம்.

குளிர்பெட்டி:
ஊசி போடுற பக்கத்திலேருந்து சில விஷயம்.

இந்த மருந்து 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். சூட்டைவிட உறைஞ்சு போறதுதான் இதுக்குப் பெரிய எமன். அலுமினிய உப்போட புரதம் ஒட்டியிருக்கும். உறைஞ்சா அது கட்டி கட்டியாப் பிரிஞ்சு வீரியம் போயிடும். மெடிக்கல்ல வாங்கி நீங்களே எடுத்துட்டுப் போறதா இருந்தா ஐஸ் மேல நேரா வைக்காதீங்க. ஐஸ் பேக்கைத் துணியிலயோ பேப்பர்லயோ சுத்தி, நடுவில அட்டை ஒண்ணு வெச்சு, நேரா கிளினிக்குக்கே போயிடுங்க. வீட்டு ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சதை வேஸ்ட்னு நினைச்சுக்குங்க. உருகினப்புறம் பார்க்க ஒண்ணும் தெரியாது. நல்ல மருந்தைக் குலுக்கினா பால் கலந்த தண்ணி மாதிரி சீரா இருக்கும். உறைஞ்சு உருகினது கொஞ்ச நேரத்திலயே அடியில படிஞ்சு மேல தெளிஞ்சுடும். அப்படிப்பட்ட மருந்தைத் தெரியாம போட்டிருந்தா அந்த டோஸைக் கணக்குல எடுக்கக் கூடாது.

அளவு 0.5 மி.லி., தோள்பட்டைச் சதையில. ரெண்டு பேருக்கான 1 மி.லி. குப்பியும் மார்க்கெட்ல உண்டு. முழுக் குப்பி விலையை உங்ககிட்ட வாங்கினா கேளுங்க. போட்டதும் 15 நிமிஷம் உட்கார வைக்கணும். இந்த வயசுப் பிள்ளைங்க மருந்தால இல்ல, ஊசி பயத்துல மயங்கி விழுவாங்க. விழுந்து தலையில அடிபடுறதுதான் உண்மையான ஆபத்து. சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க. கை வலி, லேசான காய்ச்சல் ஓரிரு நாள் இருக்கலாம், பாராசிட்டமால் போதும். 16 வயசு டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசி பாக்கி இருக்கிற பிள்ளைக்கு அதே நாள் இன்னொரு கையில போடலாம். ஈஸ்ட் ஒத்துக்காம மூச்சுத்திணறல் வர்ற அளவு அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடணும், ஈஸ்ட்ல செஞ்ச எச்பிவி ஊசி அவங்களுக்கு ஆகாது.

ஊசிமுனை:
விலை கேட்டிருந்தீங்க. வித்தியாசம் எத்தனை வகை வைரஸைத் தடுக்குது, யார் தயாரிப்பு என்பதில. புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டோட செர்வாவேக் நாலு வகைக்கு (வகைகளுக்கு நம்பர்தான் பேர்): 6, 11, 16, 18. கார்டாசில் 9 இறக்குமதி, அதில 31, 33, 45, 52, 58 கூடுதல். கருப்பைவாய்ப் புற்றுநோய்ல நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம் 16-ம் 18-ம்தான். அதனால 10,000 புரட்டக் காத்திருந்து வயசைத் தாண்ட விடறதைவிட, இப்பவே 2,000 ஊசியைப் போடறதுதான் புத்திசாலித்தனம். பணம் பிரச்சினை இல்லைன்னா ஒன்பது வகை நல்லது, அவ்வளவுதான்.

பையனுக்கும் போடலாம், அதே ரெண்டு டோஸ். பிறப்புறுப்பு மரு 6, 11-ஆல வர்றது. தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோயில 16-க்குப் பங்கு உண்டு. கையில காசு ஒருத்தருக்குத்தான்னா முதல்ல மகளுக்கு.

தாமரைக்குளம்:
எல்லாருக்கும் நன்றி. மாமியார் ஒரு வாட்ஸ்அப் காட்டுறாங்க. ஆந்திராவுல இந்த ஊசியால பிள்ளைங்க செத்தாங்க, குழந்தை பிறக்காதுன்னு.

வெண்பலகை:
2009-10-ல அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம், குஜராத்தோட வதோதரா மாவட்டங்கள்ல நடந்த எச்பிவி ஊசித் திட்டம் அது. ஏழு சிறுமிகள் இறந்தாங்க, அது உண்மை. விசாரிச்சதுல நீரில மூழ்கினது, பாம்புக்கடி, விஷம், மலேரியான்னு காரணங்கள் வந்தது, ஊசியோட தொடர்பு இல்ல. பெற்றோர்கிட்ட ஒழுங்கா ஒப்புதல் வாங்கலைங்கிற குற்றச்சாட்டு வேற விஷயம், அதில நியாயம் இருந்தது. ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சு இன்னும் சுத்துது. மலட்டுத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட பாதுகாப்புக் குழு 2017-ல தரவுகளைப் பார்த்துத் தொடர்பு இல்லைன்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள 27 கோடி டோஸ் விநியோகமாகியிருந்தது. மாமியார்கிட்ட இலங்கையில 2017-லேருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைங்களுக்குப் பள்ளியிலயே போடறாங்கன்னும் சொல்லிப் பாருங்க.

தங்கச்சிக்கு இன்னொண்ணு: ஊசி போட்டாச்சுன்னு 30-க்கு மேல கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை விட்டுடக் கூடாது, ஊசியில இல்லாத வகைகளும் இருக்கே. ஆரம்ப சுகாதார நிலையத்துல கருப்பைவாயில அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் விட்டு, வெள்ளையா மாறுதான்னு பார்ப்பாங்க. நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல நடந்த ஆய்வுலயே (2007-ல வெளியானது) இந்தச் சோதனையால இறப்பு 35 சதவீதம் குறைஞ்சது.

தாமரைக்குளம்:
ஜூலை முதல் வாரம் போடறோம். ஜனவரியில அதே கம்பெனி மருந்து கிடைக்கலைன்னா?

குளிர்பெட்டி:
அதே மருந்து நல்லது. கிடைக்கலைன்னா கிடைக்கிற எச்பிவி ஊசியைப் போடுங்க, அதுக்காகத் தள்ளிப் போட வேண்டாம். தடுப்பூசி அட்டையில மருந்து பேர், பேட்ச் நம்பர், தேதி மூணையும் எழுதி வாங்கி, ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. குப்பி ஸ்டிக்கரையே அட்டையில ஒட்டித் தரச் சொன்னா இன்னும் வசதி.