சேலம் எவர்சில்வர் குழாயில் 3 பார் மாடல் பாய்லர் செய்யலாமா?

அம்மாபேட்டை_லேத்

வணக்கம்ங்க. 12 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 15 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), டபுள் ஆக்டிங் (பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளும்) ஆசிலேட்டிங் (சிலிண்டரே ஆடும்) மாடல் நீராவி எஞ்சின் ஒன்று தயாராக இருக்கிறது. கம்ப்ரஸர் காற்றில் 1 பாருக்கே நன்றாகச் சுற்றுகிறது. இதற்கு 3 பார் பாய்லர் ஒன்று வேண்டும், கேஸ் பர்னர். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா சமயம் ஓட்டிக் காட்டும் எண்ணம்.

சந்தேகங்கள்:

நம்ம ஊரில் எவர்சில்வருக்குப் பஞ்சமில்லை. 76 மி.மீ. 304 ரக எவர்சில்வர் குழாய், 2 மி.மீ. கனத்தில் துண்டாகவே கிடைக்கிறது. இரண்டு பக்கமும் தட்டு வைத்து டிக் வெல்டிங் அடித்தால் போதாதா? செம்புதான் வேண்டும் என்றால், செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையில் கொடுத்து வெள்ளி வைத்துப் பற்றவைத்து வாங்கலாமா? முடித்த பிறகு எத்தனை பாருக்கு டெஸ்ட் பண்ண வேண்டும்?

சாயப்பட்டறை_பாய்லர்

எவர்சில்வர் வேண்டாம் தம்பி. கனம் குறைவு என்பதால் சொல்லவில்லை. 304-க்குக் குளோரைடு ஆகாது. 60 டிகிரிக்கு மேல் சூடு, வெல்டிங்கில் தங்கிய இழுவிசை, தண்ணீரில் குளோரைடு மூன்றும் சேர்ந்தால் முடி போல விரிசல் விடும். பாய்லருக்குள் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், உப்பு உள்ளேயே நிற்கும். ஊற்றும்போது கொஞ்சமாக இருந்த குளோரைடு பத்து முறை ஓட்டியதும் பல மடங்காகிவிடும். விரிசல் வெளியில் தெரியாது, தகடு பளபளப்பாகவே இருக்கும். போதாக்குறைக்கு, வெப்பம் கடத்துவதில் செம்பு 390 என்றால் 304 வெறும் 16. அடியில் எரிகிற இடம் மட்டும் கொதித்து மற்ற இடம் மந்தமாக நிற்கும்.

செம்பில் கணக்குப் போடுவோம். முதலில் எஞ்சின் எவ்வளவு நீராவி குடிக்கும்? ஒரு ஸ்ட்ரோக்குக்கு 1.7 சி.சி., டபுள் ஆக்டிங் என்பதால் ஒரு சுற்றுக்கு 3.4 சி.சி. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஏறக்குறைய 1 லிட்டர் நீராவி. சிலிண்டருக்கு 2 பார் போய்ச் சேர்ந்தால் அதன் எடை 1.7 கிராம். சின்ன எஞ்சினில் பாதி நீராவி சிலிண்டர் சுவரிலேயே தண்ணீராகிவிடும், நீராவி நுழையும் போர்ட் முகத்திலும் கசியும். அதனால் இரட்டிப்புக்குச் சற்று மேலே வைத்து, நிமிடத்துக்கு 4 கிராம்.

வெளியிலிருந்து சூடாகும் எளிய பாய்லரில், 40 சதுர செ.மீ. சூடுபடும் பரப்புக்கு நிமிடத்துக்கு 1 கிராம் ஆவி என்பது பழைய பட்டறைக் கணக்கு. 4 கிராமுக்கு 160 சதுர செ.மீ. வேண்டும். 76 மி.மீ. குழாயை 150 மி.மீ. நீளத்தில் படுக்க வைத்தால் கீழ்ப்பாதி மட்டும் 179 சதுர செ.மீ. சரியாக இருக்கிறது. இதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள்.

குழாய்க்கு அலைய வேண்டாம். மருத்துவமனை ஆக்சிஜன் லைன் போடுகிறவர்களிடம் 76 மி.மீ., 1.5 மி.மீ. கனமுள்ள மூட்டில்லாத செம்புக் குழாய் வெட்டுத்துண்டாகக் கிடைக்கும். கனம் போதுமா என்றால்: அழுத்தம் × விட்டம் ÷ (2 × அனுமதிக்கும் இழுவிசை). இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடையில் வாங்கும்போது குழாய் விறைப்பாக இருக்கும், அந்த வலுவைக் கணக்கில் எடுத்துவிடுவார்கள். பற்றவைக்கச் சூடாக்கியதும் மொத்தமும் மென்செம்பாகிவிடும். அதன் வலு 200 நியூட்டன்/ச.மி.மீ. அளவுதான். 8 மடங்கு பாதுகாப்பு வைத்து, சூட்டுக்கும் கொஞ்சம் கழித்து 20 என்று போடுங்கள். 3 பார் என்பது 0.3 நியூட்டன்/ச.மி.மீ., ஆக 0.3 × 76 ÷ 40 = 0.57 மி.மீ. கையில் இருப்பது 1.5. துளை போடுவதற்கும் காலப்போக்கில் தேய்வதற்கும் அந்த மிச்சம் வேண்டும்.

ஆபத்து உடலில் இல்லை, இரு முனைத் தட்டுகளில். தட்டை முகத்தில் 3 பார் அழுத்தினால் மொத்த விசை 128 கிலோ. டெஸ்டில் இரட்டிப்பு. 2.5 மி.மீ. செம்புத் தட்டை ஓரம் மடித்து உள்ளே செருகுங்கள், நடுவில் 6 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஸ்டேயாக (இரு தட்டையும் இழுத்துப் பிடிக்கும் கம்பியாக) போடுங்கள். ஸ்டே இல்லாத தட்டு ஒவ்வொரு முறையும் அப்பளம் மாதிரி உப்பி அடங்கும், கடைசியில் மடிப்பில் விரிசல் விடும். மடிக்கும் அச்சின் ஓரத்தில் 3 மி.மீ. வளைவு வையுங்கள். தணல் சிவப்புக்குச் சூடாக்கி, தண்ணீரில் போட்டு, மரச்சுத்தியால் தட்டுங்கள். சுத்தி துள்ள ஆரம்பித்தால் செம்பு இறுகிவிட்டது என்று அர்த்தம், மறுபடி சூடாக்க வேண்டும். ஒரு தட்டுக்கு நாலைந்து முறை ஆகும்.

வால்வு, கேஜ் போன்ற பொருத்துகளைத் திருகி மாட்ட வைக்கும் புஷ் (மரை வளையம்) எல்லாம் கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸில் (இரண்டும் செம்பு-வெள்ளீயக் கலவை) கடையுங்கள். பித்தளை வேண்டவே வேண்டாம். சூடான தண்ணீரில் அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து போய், பார்க்க உருவம் இருக்கும், உள்ளே பஞ்சாகிவிடும். கடையில் கேட்டால் எல்லாவற்றையும் ஒரே பெயரில் கொடுப்பார்கள். அரம் போட்டுப் பார்த்து மஞ்சளாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கன்மெட்டல் செம்மை கலந்திருக்கும்.

செவ்வாய்பேட்டை_உலை

கொலுசுப் பட்டறைக் கேள்விக்கு மட்டும் வருகிறேன். கை நேர்த்தியில் அவர்களுக்கு ஈடில்லை. ஆனால் மூன்று விஷயம் ஒத்துவராது.

முதலாவது பற்றாசு. பட்டறையில் அவரவர் கலந்து உருக்குவது, என்ன விகிதம் என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். சிலதில் காட்மியமும் இருக்கலாம், அதன் புகை நுரையீரலுக்கு எமன். பாய்லருக்கு 55 சதவீத வெள்ளி, காட்மியம் இல்லாத கம்பி என்று கேட்டு வாங்குங்கள். 630 முதல் 660 டிகிரிக்குள் ஓடிவிடும்.

இரண்டாவது வெண்காரம், அதாவது சூட்டில் உலோகம் கருக்காமல் வெள்ளி ஓட அவர்கள் பூசும் பிளக்ஸ். அது 740 டிகிரியைத் தாண்டித்தான் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் கம்பியோ 650-லேயே உருகிவிடும். வெண்காரம் விழிப்பதற்குள் வெள்ளி உருண்டை உருண்டையாக நின்றுகொண்டிருக்கும், ஓடாது. 550-லிருந்தே வேலை செய்யும் புளோரைடு பிளக்ஸ் பேஸ்ட் தேவை. கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

மூன்றாவது சூடு. கொலுசுக் கண்ணிக்கு ஊதும் தீ பாய்லருக்குக் காணாது. உங்கள் பாய்லரில் முக்கால் கிலோ செம்பு இருக்கும். ஓரிடத்தில் தீ காட்டினால் மறுமுனைக்கு ஓடிவிடும். மொத்த உருப்படியும் மங்கிய சிவப்பாக வேண்டும். ஐந்து கிலோவாட் அளவில் பெரிய கேஸ் டார்ச் ஒன்று, முடிந்தால் உதவிக்கு ஒருவர் கையில் இன்னொன்று.

அடுப்பு கட்டும்போது ஒரு உள்ளூர் பொறி உண்டு. மேக்னசைட் செங்கல் சேலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும், அதை அடுக்கத் தோன்றும். அது கனத்த கல், உங்கள் சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். கையில் தூக்கினால் ரொட்டி போல இலேசாக இருக்கும் வெள்ளை இன்சுலேஷன் செங்கல் அல்லது செராமிக் கம்பளி வையுங்கள்.

மூட்டில் இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ. அடித்து இறுக்கிச் செருகினால் வெள்ளி உள்ளே போகாது, வெளியில் மட்டும் அழகாக வளையம் தெரியும். பேஸ்ட் தண்ணீர் போலத் தெளிந்த பிறகே கம்பியைத் தொடுங்கள். கம்பியைத் தீயால் உருக்கக்கூடாது, செம்பின் சூட்டில் அது தானாக உருக வேண்டும். வெள்ளி சூடு இருக்கும் பக்கம்தான் ஓடும், அதனால் தீயை மூட்டின் மறுபக்கம் காட்டி இழுங்கள்.

இரண்டாவது முனைத் தட்டு வைக்கும்போது ஒரு புஷ்ஷாவது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து உருகிய வெள்ளியை ஊதித் தள்ளிவிடும், அந்த இடத்தில் ஊசித்துளை நிச்சயம். ஆறியதும் 10 சதவீத சிட்ரிக் ஆசிட் வெந்நீரில் ஒரு மணி நேரம். பிளக்ஸ் கண்ணாடி போல ஒட்டிக்கொண்டு துளையை மறைக்கும், அது முழுக்கக் கரைந்த பிறகே டெஸ்ட்.

ஏ.சி. மெக்கானிக் வைக்கும் பாஸ்பரஸ் கம்பி மலிவுதான். கரி போட்டு எரிக்கும் பாய்லரில் கந்தகம் அதைத் தின்றுவிடும். சாதா ஈயப் பற்று பேச்சுக்கே இடமில்லை: அது 183 டிகிரியில் இளகும், 3 பாரில் நீராவி 144-லேயே இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அந்தச் சூட்டு வித்தியாசம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

அம்மாபேட்டை_லேத்

ரொம்ப நன்றிங்க. செம்பு முடிவாகிவிட்டது. டெஸ்டுக்குக் கம்ப்ரஸர் இருக்கிறது. 6 பார் காற்று அடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் போதுமா?

சாயப்பட்டறை_பாய்லர்

கூடவே கூடாது. 630 சி.சி. பாய்லரில் 6 பார் காற்று அடைத்தால் உள்ளே சேரும் ஆற்றல் சுமார் 470 ஜூல். ஒரு அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். தட்டு பிய்ந்தால் அத்தனையும் அந்தத் தட்டோடு பறக்கும். அதே 6 பாரைத் தண்ணீரில் ஏற்றினால் ஒரு ஜூல்கூடத் தேறாது. பிய்ந்தாலும் சொட்டுத் தண்ணீர் பீறி அடங்கிவிடும். காற்று ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்புவது அதனால்தான். பாய்லரைச் சாய்த்து, மேல் புஷ் வழியே வழிய விட்டு, தட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள்.

பிளம்பர்கள் பைப் லைன் டெஸ்ட் பண்ணும் கை பம்பு வாடகைக்கே கிடைக்கும். அதிலிருக்கும் 60 பார் கேஜை நம்பாதீர்கள், அதில் 6 பார் என்பது முள் அசைந்ததா இல்லையா என்கிற அளவு. 0–10 பார் கேஜ் தனியாக மாட்டுங்கள். பம்புக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கட்டும், இல்லையென்றால் பம்பு வாஷர் கசிந்து முள் இறங்குவதைப் பாய்லர் கசிவு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

1 பார், 2 பார் என்று நின்று நின்று ஏற்றி, வேலை அழுத்தத்தின் இரு மடங்கு, அதாவது 6 பாரில் அரை மணி நேரம். முன்னும் பின்னும் முனைத் தட்டில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உப்பியது பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் கசிவே இல்லாவிட்டாலும் அந்தப் பாய்லர் தேறவில்லை. பின்னால் வரும் ஆண்டு டெஸ்டுகளுக்கு ஒன்றரை மடங்கு, 4.5 பார். ஊசித்துளை கண்டால் பஞ்ச் வைத்து அடித்து மூடக்கூடாது. ஆசிடில் கழுவி, பேஸ்ட் போட்டு, மொத்தப் பாய்லரையும் மறுபடி சூடாக்க வேண்டும்.

25 லிட்டருக்குக் குறைந்தது பாய்லர் சட்டத்துக்குள் வராது. இன்ஸ்பெக்டர் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, தேதியும் அழுத்தமும் ஒரு நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள்.

அடுத்தது சேஃப்டி வால்வு டெஸ்ட். 4 மி.மீ. துளை என்றால் 3 பாரில் ஸ்பிரிங் தாங்க வேண்டியது 380 கிராம் தான். கட்டையான விறைத்த ஸ்பிரிங் போடாதீர்கள், சொட்டுச் சொட்டாகத் திறக்கும். நீளமான மென்மையான ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வையுங்கள், லாக் நட் அவசியம். வால்வுக்கும் பாய்லருக்கும் இடையில் எந்தக் குழாயும் வால்வும் வரக்கூடாது. திறந்தவெளியில் பர்னரை முழுதாக வைத்து, எஞ்சின் வால்வை மூடிவிட்டு, தள்ளி நின்று கேஜைப் பாருங்கள். சேஃப்டி வால்வு ஊதிக்கொண்டிருக்கும்போது முள் 3.3-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் துளை போதவில்லை, அல்லது துளையை மூடும் பந்து மேலெழ இடமில்லை.

ஏற்காடு_மூடுபனி

மேலே ஓட்டுவது பற்றி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், வெளிக்காற்றின் அழுத்தம் 0.85 பார் அளவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். சோறு வேகாத பயம் பாய்லருக்கு வேண்டாம். கேஜும் சேஃப்டி வால்வும் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கின்றன, கீழே வைத்த செட்டிங் மேலேயும் சரி. அடம்பிடிப்பது பர்னர். காற்று 15 சதவீதம் நைந்திருப்பதால் சுடர் மஞ்சளாகி, செம்பின் அடியில் கரி படியும். காற்றுத் துளையை இன்னும் திறங்கள், போதாவிட்டால் ஒரு சைஸ் சின்ன ஜெட். சுற்றி மறைப்புத் தகடு வையுங்கள், ஆனால் பாய்லரின் பாதி உயரத்துக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் தண்ணீர் இல்லாத இடத்தைத் தீ நக்கும்.

20 கொண்டை ஊசி வளைவு குலுக்கிய பிறகு, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸின் நட்டுகளைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஏறாதீர்கள்.

தண்ணீர்: போர்த் தண்ணீர் வேண்டாம், மேட்டூர்த் தண்ணீரும் வேண்டாம், இரண்டிலும் சுண்ணாம்பு படியும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அல்லது வடிகட்டிய மழைநீர். 470 மில்லியை அளந்து புனலில் ஊற்றினால் முக்கால் பங்கு நிற்கும். அதற்கு மேல் போனால் எஞ்சினுக்குள் தண்ணீரே வந்து விழும். முக்காலிலிருந்து பாதிக்கு இறங்க 156 மில்லி, நிமிடத்துக்கு 4 கிராம் கணக்கில் 35 நிமிடத்துக்கு மேல் ஓட்டம். 30-ல் கேஸை மூடிவிடுங்கள்.

கேஜ் கிளாஸை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். 5 மி.மீ.க்குக் கீழே கிளாஸ் இருந்தால் நடுவில் குமிழி சிக்கி, மட்டம் இருப்பது போலவே காட்டும். அடியிலிருக்கும் டிரெயினை ஒரு நொடி திறந்து மூடுங்கள். தண்ணீர் இறங்கி சட்டென்று பழைய இடத்துக்கு ஏறினால் உண்மை. ஏறத் தயங்கினால் வழி அடைத்திருக்கிறது.

மட்டம் கண்ணில் படவில்லை என்றால் தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடாதீர்கள். கேஸை மூடிவிட்டுத் தள்ளிப் போங்கள். காய்ந்த செம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரே மூச்சில் ஆவியாகும். 3 பாரில் 470 மில்லி தண்ணீர் திடீரென்று வெளியே வந்தால் 38 கிராம் அப்போதே ஆவியாகி 60 லிட்டர் இடம் கேட்கும், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் குழந்தைகளுக்கு அது போதும். ஒன்றரை மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

அம்மாபேட்டை_லேத்

ஓட்டி முடித்ததும் அப்படியே ஆறவிட்டால் போதுமா? இறங்குவதற்குள் மூட்டை கட்ட வேண்டும்.

ஏற்காடு_மூடுபனி

அப்படியே ஆறவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, எஞ்சினுக்கு எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரில் இருக்கும் சிலிண்டர் ஆயிலைப் பாய்லருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த தடவை தண்ணீர் சோப்பு போட்டது போல நுரைத்து, நீராவிக்குப் பதில் நுரை வரும். கேஸை மூடியதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அது நின்ற பிறகு கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள். முள் பூஜ்யத்தில் சிக்கியும் நிற்கும், அதனால் சேஃப்டி வால்வை இடுக்கியால் ஒருமுறை தூக்குங்கள். சத்தம் வரவில்லை என்றால் மட்டும், துணி சுற்றிய கையால் நிரப்பும் மூடியைக் கால் சுற்றுத் திருப்பி நிறுத்துங்கள். மிச்சத் தண்ணீரைச் சூடு இருக்கும்போதே கவிழ்த்துவிட்டு மூடியைத் திறந்தே வைத்தால், கீழே சேலம் வந்து சேர்வதற்குள் உள்ளே காய்ந்திருக்கும்.