டைம்லைனில் படம் வந்தது, ஒலி வரவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

அக்கா மகளின் திருமணக் காணொளியைத் தொகுக்க உட்கார்ந்தபோது எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதுகிறேன். முகூர்த்த நேரத்தில் உறவினர்கள் என் கேமராவை மறைத்துவிட்டதால், மணவறைக்கு அருகில் நின்ற தம்பி கைப்பேசியில் எடுத்த 40 நிமிடக் க்ளிப்பையே நம்பியிருந்தேன். அதைத் தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில், அதாவது க்ளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், இழுத்துப் போட்டால் படம் மட்டுமே வந்தது. கெட்டிமேளம் முழங்க வேண்டிய இடத்தில் ஒலி ட்ராக்கே இல்லை.

அதே டைம்லைனில் என் கேமராவின் க்ளிப்புகள் ஒழுங்காகக் கேட்டன. தம்பியின் க்ளிப்பும் விஎல்சி என்ற காணொளி இயக்கியில் குறையின்றி ஒலித்தது. இவ்விரண்டையும் சேர்த்து வைத்து யோசித்திருந்தால், ஸ்பீக்கரிலும் பழுதில்லை, கோப்பிலும் பழுதில்லை, மென்பொருள் இந்தக் கோப்பைப் படிப்பதில்தான் தடை இருக்கிறது என்பது அப்போதே விளங்கியிருக்கும். அப்படி யோசிக்காமல் இரண்டு இரவுகள் ஒலி டிரைவர்களை மாற்றுவதிலும், மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவதிலும் கழித்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு கோப்புகளையும், கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பார்த்தேன். கேமரா கோப்பின் ஒலி பிசிஎம், அதாவது சுருக்கப்படாத வடிவம்; கைப்பேசிக் கோப்பின் ஒலி ஏஏசி, அதாவது சுருக்கப்பட்ட வடிவம். வேறுபாடு அந்த ஒரு வரியில் இருந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் ஏஏசி ஒலியைப் படிக்கும் வசதி இயங்குதளத்தோடே வந்துவிடுகிறது. நான் வேலை செய்வதோ லினக்ஸில், நான் பயன்படுத்தும் தொகுப்பு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பு ஏஏசியைப் படிப்பதில்லை. படிக்க முடியவில்லை என்று ஒரு வரி அறிவிப்பாவது தந்திருக்கலாம். எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

தீர்வு எளிதாக முடிந்தது. கோப்பு வடிவங்களை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி கொண்டு, படத்தை எந்த மாற்றமும் இல்லாமல் நகலெடுக்கச் செய்து, ஒலியை மட்டும் 16 பிட் பிசிஎம்மாக மாற்றி, எம்ஓவி என்ற காணொளிக் கோப்பு வகையில் சேமித்தேன். படம் அப்படியே நகலாவதால் அதன் தரம் குறைவதில்லை, அதிக நேரமும் பிடிப்பதில்லை. கோப்பின் அளவு மட்டும் கூடும்: 48,000 ஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பிசிஎம் ஒலிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 11.5 மெகாபைட் வேண்டும். என் க்ளிப்புக்கு 460 மெகாபைட் ஆனது. புதிய கோப்பை டைம்லைனில் வைத்தபோது, தாலி கட்டும் இடத்தில், ஒலியை வரைந்து காட்டும் அலைவடிவம் ட்ராக்கின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொட்டு நின்றது. அதைக் கண்ட பிறகுதான் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அலைவடிவம் தெரிந்தது, ஒலியின் அளவைக் காட்டும் ஒலிமானியின் பச்சைக் கோடுகளும் ஏறி இறங்கின, காதுக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. அன்று காலையில்தான் புதிய மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தேன். கணினி அதையே ஒலி வெளியீடாக எடுத்துக்கொண்டது, அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. மென்பொருளின் ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியை மாற்றியதும் சரியாயிற்று. ஒலிமானி அசைகிறது என்றால் டைம்லைன் வரை ஒலி வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு க்ளிப்பைத் தொடவே வேண்டாம்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பருக்கு ஒலிமானி அசைந்தும் ஒலி கேட்கவில்லை. எனக்கு ஒலி நன்றாகக் கேட்டும் அது அனுப்பிய இடத்தில் இல்லாமல் போயிற்று. ஒரு கச்சேரியை, மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரிலிருந்து நேராகக் கேமராவுக்கு வயர் இழுத்துப் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் கேட்டபோது, பாட்டு நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதப்பதுபோல் ஒரு வெறுமை இருந்தது. அரங்கின் தன்மை என்று எண்ணி விட்டுவிட்டேன். பாடகரின் வீட்டில் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைப்பேசியில் போட்டுப் பார்த்துவிட்டு, காணொளியில் சத்தமே இல்லையே என்றார்கள்.

டைம்லைனில் அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. இடது தடத்தில் மேடு இருக்கும் இடத்தில் எல்லாம் வலது தடத்தில் அதே அளவு பள்ளம் இருந்தது, தண்ணீரில் விழும் கரையின் நிழலைப் போல. மிக்ஸரின் பேலன்ஸ்டு வெளியீடு ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்புகிறது. கேமராவின் ஸ்டீரியோ துளை அவற்றை இடம், வலம் என்று தனித்தனியே வாங்கிக்கொண்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூட்டப்படும்போது ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இடது தடத்தையே இரு பக்கமும் நிரப்பி மீண்டும் அனுப்பினேன். அதே கைப்பேசியில் தம்புரா உட்பட எல்லாம் கேட்டது. இப்போது எந்தக் காணொளியையும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை மோனோவில், அதாவது இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டி, கேட்டுவிட்டே அனுப்புகிறேன்.