‘டீசல் சரியில்லை’ என்றார்கள்: இன்ஜெக்டர் வாரண்டி அனுபவங்கள்

நாமக்கல் உரிமையாளர்

என்னிடம் இருப்பது ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. பி.எஸ்.6 வண்டி, 2021-இல் எடுத்தது. நாக்பூர் ஓட்டம். போன மார்கழியில் டிரைவர் போன் செய்தார். “அண்ணா, காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருகிறது. நின்ற இடத்திலேயே வண்டி குலுங்குகிறது” என்றார். நாக்பூர்க் குளிர் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு நடையில் மைலேஜ் 4-இலிருந்து 3.5-க்கு இறங்கியது. ஊருக்கு வந்ததும் ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

சர்வீஸ் சென்டரில் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டருக்கும் ஆறு பாட்டில்களைக் கட்டி இன்ஜினை ஓடவிட்டார்கள். ஐந்து பாட்டில்களில் இரண்டு விரல் உயரம் டீசல். நான்காவது பாட்டில் கழுத்து வரை நிரம்பிவிட்டது. சூபர்வைசரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “நாலாம் நம்பர் தேய்ந்துபோய்விட்டது, உள்ளே நிற்க வேண்டிய டீசல் ரிட்டர்னில் ஓடுகிறது” என்றும் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது பேச்சு மாறியிருந்தது. “கலப்பட டீசல் போட்டிருக்கிறீர்கள், வாரண்டியில் வராது. ஆறையும் மாற்ற வேண்டும்.” எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

“டீசலைச் சோதித்தீர்களா?” என்று கேட்டேன். இல்லையாம். “அப்படியானால் மறுப்பை எழுத்தில் கொடுங்கள்” என்றேன். எழுதித் தரும் வழக்கம் இல்லையாம்.

அங்கே சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நாங்கள் ஃப்ளீட் கார்டில்தான் டீசல் அடிப்போம். எந்தத் தேதியில் எந்த பங்கில் எத்தனை லிட்டர் என்பது முழுவதும் அதில் இருக்கிறது. அதை எடுத்தேன், ஃபில்டர் மாற்றிய பில்களையும் சேர்த்தேன். நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுப்புக்கான காரணம் எழுத்தில் வேண்டும், கழற்றிய இன்ஜெக்டர்களில் சீட்டு கட்டி என் கண்முன் சீல் வைக்க வேண்டும், சோதனை அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்டேன். வேறு ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை.

ஐந்தாம் நாள் வட்டாரப் பொறியாளர் வந்தார். பழைய ஃபில்டரை என் முன்னாலேயே அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தார். துரு இல்லை, கொழகொழப்பும் இல்லை. இன்ஜெக்டர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் சோதனைக்குப் போயின. நான்காவதில் ஊசி உட்காரும் இடம் தேய்ந்திருக்கிறது, எதிலும் தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை என்று அறிக்கை வந்தது. ஒரு இன்ஜெக்டரும் வேலைக் கூலியும் வாரண்டியில் கிடைத்தன. ஆயில், ஃபில்டர் என் செலவு. வண்டி நின்ற பதினொரு நாளுக்கு யாரிடம் கேட்பது? தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது.

சங்ககிரி உரிமையாளர்

நான் தோற்ற கதையையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

என் வண்டி குஜராத் போய்வருவது. அந்தப் பக்கம் சாலையோரத்தில் பயோடீசல் என்ற பெயரில் எதையோ மலிவாக விற்றுக்கொண்டிருந்த காலம். டிரைவர் அடித்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் நடைக்கு நாலாயிரம் மிச்சமானபோது எப்படி என்று நான் கேட்கவே இல்லை.

ஃபில்டரை அறுத்தபோது உள்ளே ஊறிய தேயிலைபோல் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஊசிகளில் துரு. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன், அதைப் பார்த்ததும் வாய் எழவில்லை. ஆறு இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்ப், டேங்க் கழுவியது எல்லாம் என் பணம். டிரைவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

திருச்செங்கோடு, டீசல் பம்ப் பட்டறை

நாமக்கல்காரருக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது என்பதை வைத்தே டீசல் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆறும் ரயில் என்கிற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்துதான் டீசலைக் குடிக்கின்றன, ஆனால் ஒரு துகள் ஒன்றில் சிக்கி அதை மட்டும் கெடுப்பதும் உண்டு. உங்களைக் காப்பாற்றியது அந்தச் சுத்தமான ஃபில்டரும் அறிக்கையும்தான்.

பழைய வண்டியில் டீசல் பீய்ச்சும் முனையான நாசில் 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும். நாங்கள் கையால் பம்ப் அடித்தே சோதிப்போம். இப்போதைய காமன் ரயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், சிலவற்றில் 2,000-க்கும் மேல். உள்ளே இருக்கும் இடைவெளி சில மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீரும் தூசியும் அதற்கு ஆகவே ஆகாது. வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீரை வடிப்பதை வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள், தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு வடியுங்கள்.

இன்னொன்று. புது இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதை ஸ்கேனர் மூலம் இன்ஜின் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் எந்தத் துளை எவ்வளவு விடும் என்பது கணினிக்குத் தெரியாது, புது இன்ஜெக்டர் போட்டும் குலுக்கல் போகாது. அடியில் போடும் செப்பு வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். பழையதைத் தேய்த்துப் போடும் கஞ்சத்தனத்தை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

சேலம், சொந்த வண்டி ஓட்டுபவர்

என்னுடையது ஒரே வண்டி, நானே டிரைவர். எழுத்தில் மறுப்பு வாங்கிக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொண்டது இன்ஜெக்டரை அல்ல, என்னை. லாரி வணிகத்துக்கு வாங்கியது, எனவே இவர் நுகர்வோரே இல்லை என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குவது உண்மைதான். ஆனால் பிழைப்புக்காக மட்டும், சுயதொழிலாகச் செய்ய வாங்கியவரை அது விலக்கவில்லை. கனரக ஓட்டுநர் உரிமமும், ஒரே ஒரு ஆர்.சி.யும், சுங்கச் சாவடி ரசீதுகளும் காட்டினேன். அடுத்த வாய்தாவுக்கு முன்பே சமாதானம் பேச ஆள் வந்தது. நான்கு ஐந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவர்களுக்கு இந்த வழி கடினம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நாமக்கல் உரிமையாளர்

திருச்செங்கோடு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ஜாப் கார்டைத் தேடி எடுத்தேன். வாஷர் இருக்கிறது. குறியீடு ஏற்றியதாக ஒரு வரிகூட இல்லை. ஐட்லிங்கில் இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது என்று டிரைவர் போன வாரம்தான் சொன்னார், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி இப்போது கர்னூல் தாண்டியிருக்கும். திரும்பியதும் முதல் வேலையாக ஸ்கேனரை மாட்டச் சொல்கிறேன்.