வளைகுடா ஆஃபர்: நோட்டீஸ் 12 மாதம், காகிதங்களின் ஆயுள் அதைவிடக் குறைவு. எதை முதலில் எடுப்பது?

இடதுஇருக்கை எழுதியது:

வணக்கம். டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஆணையம்) தந்த ஏடிபிஎல் (விமானிக்கான உச்சநிலை லைசென்ஸ்), ஏ320 கமாண்டர், வயது 38. மொத்தம் 5,800 மணி, அதில் பிஐசி (பொறுப்பு விமானியாக) 1,900. சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) அமெரிக்காவில் எடுத்ததால் பழைய எஃப்ஏஏ (அமெரிக்க விமான ஆணையம்) லைசென்ஸும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம் ஒன்றிலிருந்து நிபந்தனையோடு ஆஃபர் வந்திருக்கிறது. ஐந்து மாதத்தில் வந்து சேரச் சொல்கிறார்கள். நான்கு சந்தேகங்கள்:

ராஜினாமாவை இப்போதே கொடுப்பதா, காத்திருப்பதா? லைசென்ஸ் வெரிஃபிகேஷனை நான் கேட்க வேண்டுமா, அவர்களா? பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, லைசென்ஸில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இருக்கிறது. இது பிரச்சினையா? பட்டச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் (ஹேக் உடன்படிக்கை நாடுகள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரை) போதுமா?

---

நோட்டம் எழுதியது:

ராஜினாமா பற்றி மட்டும் சொல்கிறேன். 2017இல் வந்த டிஜிசிஏ விதியான சிஏஆர் (பிரிவு 7, எக்ஸ் வரிசை, பாகம் 2) படி கமாண்டருக்கு நோட்டீஸ் 12 மாதம், கோ-பைலட்டுக்கு 6 மாதம். உங்கள் நிறுவனம் ராஜினாமாவை ஏற்று என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) தந்தால்தான் அது குறையும். ஆகவே ஐந்து மாதம் என்ற கணக்கு உங்கள் கையில் இல்லை. அமீரக நிறுவனத்துக்கு இன்றே இதை எழுதுங்கள். சேரும் நாளாக ஒரு தேதியைப் போடாமல், "என்ஓசி கிடைத்ததிலிருந்து இத்தனை நாளுக்குள்" என்று ஆஃபரில் திருத்தி வாங்குங்கள். இந்திய பைலட்டுகளை எடுக்கும் நிறுவனங்களுக்கு இந்த விதி புதிதல்ல.

ராஜினாமா கொடுக்கும் முன் இரண்டு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று, அந்த நாட்டு விதிப்படி முதல் கிளாஸ் 1 மெடிக்கல். இந்தியாவில் ஃபிட் என்றால் அங்கேயும் ஃபிட் என்று எண்ணாதீர்கள். அவர்கள் முதல்முறை செய்யும் சோதனை, நீங்கள் ஆண்டுதோறும் செய்யும் புதுப்பித்தலைவிட விரிவானது. பழைய அறுவை சிகிச்சை, தற்காலிக அன்ஃபிட் எதையும் படிவத்தில் விடாதீர்கள். நோயை எழுதினால் பரிசீலிப்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பொய்த் தகவல் என்ற குற்றச்சாட்டு தனியாக வரும்.

இரண்டாவது, உங்கள் மணிக்கணக்கும் ரேட்டிங்கும் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) அங்கே போதும் என்று லைசென்ஸிங் தரப்பின் எழுத்துபூர்வமான பதில். ஆள் எடுக்கும் துறை சொல்லும் "பிரச்சினை இல்லை" வேறு, இது வேறு.

நோட்டீஸ் காலத்தில் ரோஸ்டர் (பறக்கும் பணிப்பட்டியல்) மெலிந்துபோவது உண்டு. 90 நாளில் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் என்ற கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிபிசி (விமானியின் திறன் சோதனை), ஐஆர் (கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி) தேதிகளும் அப்படியே. ரேட்டிங் செத்த நிலையில் போனால் நேரடியாகப் புது நிறுவனத்தின் கன்வெர்ஷன் கோர்ஸில் (புதிதாகச் சேர்பவருக்கான பயிற்சி) உட்கார முடியாது, சிமுலேட்டரில் ரேட்டிங்கை உயிர்ப்பிக்கும் செலவு யாருடையது என்ற பேச்சு தொடங்கிவிடும்.

---

விமானப்பதிவேடு எழுதியது:

வெரிஃபிகேஷன்: அங்குள்ள ஆணையம் டிஜிசிஏ-வைக் கேட்கும், டிஜிசிஏ நேராக அவர்களுக்கே பதில் அனுப்பும். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பும் தாளுக்கு மதிப்பில்லை. ஐக்காவோ (சர்வதேச சிவில் விமான அமைப்பு) இணைப்பு 1 தெளிவாகச் சொல்கிறது: இன்னொரு நாட்டு லைசென்ஸை ஏற்கும் முன் அது செல்லுபடியாகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். உங்கள் வேலை, கேள்வி வரும்போது டிஜிசிஏ கணக்கில் எல்லாம் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஈஜிசிஏ-வில் (டிஜிசிஏவின் இணையதளம்) மெடிக்கல் பதிவேறியிருக்கிறதா, ஏ320 பி1 (கமாண்டர்) ரேட்டிங் தெரிகிறதா, ஆங்கிலத் தேர்ச்சி லெவல் லைசென்ஸில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். லெவல் 4 என்றால் 3 வருடம், 5 என்றால் 6 வருடம், 6க்கு மறுதேர்வு இல்லை. ஆங்கிலத் தேதி முடிந்ததைக் கவனிக்காமல் விட்டு, கோப்பு அங்கேயே நிற்பதுதான் அதிகம்.

அடுத்து, உங்களுக்குத் தருவது வேலிடேஷனா கன்வெர்ஷனா என்று கேளுங்கள். வேலிடேஷன் என்பது இந்திய லைசென்ஸின் தோளில் உட்கார்ந்திருப்பது. மூல லைசென்ஸ் செல்லுபடியாகும் காலத்தைத் தாண்டி அது போகாது, ஆகவே இந்திய மெடிக்கலையும் ரேட்டிங்கையும் நீங்கள் தொடர்ந்து காப்பாற்ற வேண்டியிருக்கும். கன்வெர்ஷன் என்றால் அந்த நாட்டின் சொந்த லைசென்ஸ். அதற்குத் தேர்வும் ஸ்கில் டெஸ்டும் இருக்கும்.

பலரும் கேட்க மறக்கும் ஒன்று, விமானத்தின் பதிவு எழுத்து. சிகாகோ உடன்படிக்கையின் 32ஆவது பிரிவுப்படி, லைசென்ஸ் தருவதோ ஏற்பதோ விமானம் பதிவான நாட்டின் பொறுப்பு. விமானம் ஏ6 (அமீரகப் பதிவு) என்று இருந்தால் சிக்கல் இல்லை. லீஸில் வந்த விமானம் அயர்லாந்தின் ஈஐ பதிவிலேயே பறந்தால், அதே உடன்படிக்கையின் 83 பிஸ் பிரிவு ஒப்பந்தப்படி பொறுப்பு அமீரகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஐரோப்பிய வேலிடேஷனும் தேவைப்படும்.

லாக்புக்: நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் முத்திரையும் சேர்த்து மணிக்கணக்குக் கடிதம் வாங்குங்கள். பிஐசி, பிஐசி அண்டர் சூப்பர்விஷன் (மேற்பார்வையில் பொறுப்பு விமானி), கோ-பைலட், சிமுலேட்டர் நான்கும் தனித்தனிப் பத்தியில், விமான வகைவாரியாக இருக்கட்டும். சூப்பர்விஷன் மணியை எல்லா நாடும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. வேலையை விட்ட பிறகு இந்தக் கடிதத்துக்கு அலைவது பெரும்பாடு, கடைசி நாளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

---

முத்திரைத்தாள் எழுதியது:

சார், பெயர் விஷயத்தை இன்னைக்கே ஆரம்பிங்க. மத்த எல்லா வேலையும் இதுக்குப் பின்னாடிதான். 2022 நவம்பர் 21லிருந்து, சர்நேம் இல்லாத ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் விசிட் விசா தர்றதில்ல. ரெண்டாவது பக்கத்துல அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தா ஏத்துக்கறோம்னு அப்புறம் விளக்கம் குடுத்தாங்க. நீங்க போறது வேலை விசா, ஆனா மெடிக்கலுக்கும் நேர்காணலுக்கும் விசிட் விசாவுலதானே போவீங்க? அதனால பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போட்டு, இனிஷியலை விரிச்சு கிவன் நேம், சர்நேம் ரெண்டையும் நிரப்பிடுங்க.

வரிசை முக்கியம்: முதல்ல பாஸ்போர்ட், அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி டிஜிசிஏ-வுல திருத்தம், அதுக்கப்புறம்தான் வெரிஃபிகேஷன். மாத்திப் பண்ணினா டிஜிசிஏ பழைய பெயருல பதில் அனுப்பும், அங்க வேற ஆளுன்னு ஒதுக்கி வைப்பாங்க. மார்க் ஷீட்டைத் திருத்தப் போகாதீங்க. ரெண்டு பெயரும் ஒரே நபர்தான்னு நோட்டரி அஃபிடவிட் ஒண்ணு கையில வச்சுக்குங்க.

அப்போஸ்டில் அமீரகத்துக்கு உதவாது, அவங்க அந்த ஹேக் உடன்படிக்கையில இல்ல. கத்தார், குவைத்தும் இல்ல. ஓமன், பஹ்ரைன்ல செல்லும், சவுதியில 2022 டிசம்பர்லிருந்து செல்லும். உங்க சான்றிதழுக்கு மாநில அரசு சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சக அட்டெஸ்டேஷன், பிறகு அமீரகத் தூதரகம், அங்க போனதும் அவங்க வெளியுறவு அமைச்சகம். ஏஜென்ட்கிட்ட குடுக்கும்போது எந்த நாட்டுக்குன்னு எழுதியே குடுங்க. டிகிரியை லேமினேட் பண்ணியிருந்தா முத்திரை குத்த இடமில்ல, யுனிவர்சிட்டியில டூப்ளிகேட் வாங்க வேண்டிவரும். அதுக்கே மாசக்கணக்கு ஆகும், இப்பவே பீரோவைத் திறந்து பாருங்க.

---

இடதுஇருக்கை எழுதியது:

மிக்க நன்றி. டிகிரி லேமினேட் செய்ததுதான், நாளையே விண்ணப்பிக்கிறேன். போலீஸ் கிளியரன்ஸை இப்போதே எடுத்து வைக்கலாமா? எஃப்ஏஏ லைசென்ஸைக் காட்ட வேண்டுமா? அதில் பறந்து பல வருடம் ஆகிறது.

---

நோட்டம் எழுதியது:

கிளியரன்ஸை இப்போது எடுக்காதீர்கள். கேட்கும் இடத்தில் பெரும்பாலும் 3 அல்லது 6 மாதத்துக்குள் எடுத்ததையே ஏற்பார்கள். புதிய பாஸ்போர்ட் எண் வந்த பிறகு, என்ஓசி தேதி உறுதியானதும் பாஸ்போர்ட் சேவாவில் விண்ணப்பியுங்கள். முகவரி மாறியிருந்தால் பழைய ஊர் காவல் நிலையத்துக்கும் போகும், அதற்கும் நாள் விடுங்கள்.

எஃப்ஏஏ லைசென்ஸை அவசியம் குறிப்பிடுங்கள். படிவத்தில் "வேறு நாட்டு லைசென்ஸ் உண்டா" என்ற கட்டம் இருந்தால், பறக்காத லைசென்ஸும் லைசென்ஸ்தான். அமெரிக்காவில் உங்களுக்கு முகவரி இல்லையென்றால், அங்கே ஒரு ஏஜென்ட்டின் பெயரை எஃப்ஏஏ-விடம் பதிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடைசி நாள் 2025 ஜூலை 7. பதியாதவரை அந்த லைசென்ஸின் உரிமையைப் பயன்படுத்த முடியாது. கையில் இருப்பது பழைய காகித எஃப்ஏஏ லைசென்ஸ் என்றால், பிளாஸ்டிக் அட்டைக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.