குன்னூர்ல வாங்குன டீ, பால் ஊத்துனா ருசியே இல்ல, ஏமாந்துட்டேனா?

கோவைக்காரி: போன வாரம் குன்னூர் போனப்ப ஃப்ராஸ்ட் டீன்னு 100 கிராம் வாங்கிட்டு வந்தேங்க, இலை நீளநீளமா முறுக்கிட்டு இருக்கு, எப்பவும் போல பால் ஊத்தி கொதிக்க விட்டா சப்புன்னு இருக்கு. வெல வேற ஜாஸ்தி.

தோட்டத்துக்காரன்: ஏமாறலைங்க. நாம தினம் குடிக்கறது சிடிசி தூள், அதாவது இலைய நசுக்கி, கிழிச்சு, சுருட்டி குருணையாக்குனது, அதுதான் பாலுக்கு. இது ஆர்தடாக்ஸ் இலை, அப்படி குருணையாக்காம முறுக்கி காய வச்சது, டிசம்பர் ஜனவரி பனியில செடி மெதுவா துளிர்க்கும், அதனால வாசம் தூக்கலா இருக்கும், அதுல போயி பால ஊத்திட்டீங்களே! 2 கிராம் இலைக்கு 150 மில்லி வெந்நி, மூடி வச்சு மூணே நிமிஷம், உடனே வடிச்சிருங்க, மறந்து விட்டீங்கன்னா துவர்த்துரும்.

ஊட்டிக்குளிர்: இங்க 2200 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், உங்க ஊர்ல 98க்கு மேல போகும், அதனால அடுப்ப அணைச்சு ஒரு நிமிஷம் விட்டு ஊத்துங்க. இலைய கொட்டிராதீங்க, இன்னொரு தடவ தாங்கும்.

கோவைக்காரி: இப்பதான் போட்டேன், தேன் கலர்ல வந்துச்சு, மூடிய தொறந்ததும் பூ வாசம்! மாமியார்தான் ஒரு வாய் குடிச்சிட்டு "என்ன கண்ணு, வெந்நியா?"ன்னுட்டு தனியா பால் டீ போட்டுக்கிட்டாங்க.